த்ரூபுட்டுக்கு ‘சேர்வீதம்’: ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

த்ரூபுட் (throughput), அதாவது ஒரு தடத்தில் நொடிக்கு உண்மையில் எவ்வளவு தரவு போய்ச் சேர்கிறது என்பதற்கு, தமிழில் ‘செயல்திறன்’ போதும் என்று இங்கே இருவர் எழுதியிருந்தீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நாள் முழுக்க ரூட்டரோடும் கம்பியோடும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன மாதம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். நொடிக்கு 300 மெகாபிட் இணைப்பு. மாடியில் உள்ள கணக்குப் பிரிவில் மட்டும் மந்தம். “லைட்டெல்லாம் எரியுது தம்பி, நெட்டும் வருது. வேகம்தான் இல்லை” என்றார் கடைக்காரர். ரூட்டரிலேயே மடிக்கணினியைச் செருகி அளந்தேன், 290க்கு மேல் வந்தது. மாடிக்குப் போய் அளந்தால் 94. மறுபடியும் அளந்தேன், அதே 94. அந்த எண்ணைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. தரவு பொதி பொதியாகப் (packet) பிரிந்துதான் போகும். கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பியில் ஒரு பொதி 1538 பைட் இடம் பிடித்தால், அதில் நம் கோப்பின் தரவு 1448 பைட்தான். மற்றதெல்லாம் முகவரி, மேலுறை, பொதிகளுக்கு நடுவே விடும் இடைவெளி. 100 மெகாபிட் கம்பிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 94 வரும். அப்படியானால் ஜிகாபிட்டில், அதாவது 1000 மெகாபிட்டில், ஓட வேண்டிய கம்பி 100க்கு இறங்கியிருக்கிறது.

செருகியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு இழைகளில் பழுப்பு இழை மட்டும் முனைவரை போகாமல், தகட்டுக்கு அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. 100 மெகாபிட்டுக்கு நான்கு இழை போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வெட்டிவிட்டுப் புதுச் செருகி போட்டு அழுத்தினேன். பத்து நிமிட வேலை.

அப்புறம்தான் சிக்கல். என்ன பழுது என்று அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். “கம்பியின் வேகம் குறைந்ததால் வேகம் குறைந்தது” என்று எழுதிவிட்டு மேலே ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். கம்பி எவ்வளவு தாங்கும் என்பதும் வேகம், உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதும் வேகம், ஒரு பொதி போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆனது என்பதும் வேகம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் பழுது தேடும் வேலையே. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது?

இவை எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நடந்ததைச் சொல்லலாம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கெஜம், இரண்டு ஃபர்லாங்கு கூட இல்லை. நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்தத் தடத்தில் திடீரென்று 40 பிட் மட்டுமே போனது. கம்பி அறுபடவில்லை, அதன் கொள்ளளவும் குறையவில்லை. பொதி வந்து சேரத் தாமதமானதும் அனுப்பும் கணினிகள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலைத் தாங்களே பெருக்கிக்கொண்டன. அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வேன் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நெரிசல் தவிர்ப்பு முறையின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய டிசிபியில் (TCP, இணையத்தில் பொதிகளை அனுப்பிப் பெறும் நெறிமுறை) ஓடுகின்றன. அந்தத் தடத்தின் நிலையைச் ‘செயல்திறன் குறைவு’ என்று எழுதினால் என்ன குறைந்தது என்று படிப்பவருக்குத் தெரியுமா? மின்விசிறிக்கும் செயல்திறன் உண்டு, ஊழியருக்கும் உண்டு. அளந்து எண் சொல்கிற இடத்தில் அது நிற்காது.

த்ரூபுட்டுக்கு வந்த ‘செய்வீதம்’ என்ற இன்னொரு முன்மொழிவு இதைவிட மேல். தொழிற்சாலைக்கும் செயலிக்கும் நன்றாகவே பொருந்தும். ஆனால் ரூட்டர் எதையும் செய்வதில்லை, வந்ததைக் கொண்டு சேர்க்கிறது. ‘ஊடுபாய்வு’ என்ற மற்றொரு முன்மொழிவு ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து பாதிக்குப் பாதி வைத்தது போல இருக்கிறது, மன்னிக்கவும்.

நமக்கு இந்த வேறுபாடு புதிதில்லை. மேட்டூரில் வினாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று செய்தி வரும். கடைமடை விவசாயி கேட்பது வேறு: “தண்ணி வந்து சேர்ந்துச்சா?” மதகு பழுது, கோரை, உடைப்பு, நடுவில் இறைத்துக்கொள்பவர்கள் எல்லாம் போக வயலுக்கு வந்தது எவ்வளவு என்பதுதான் அவருக்குக் கணக்கு. அந்தச் ‘சேர்’ என்ற வினையோடு, ‘தலைக்கு இரண்டு வீதம்’ என்று நாம் பேச்சில் சொல்லும் வீதத்தைச் சேர்த்தேன். சேர்வீதம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. சேர்ந்த வீதம், சேர்கிற வீதம், சேரும் வீதம் மூன்றும் அதற்குள் அடங்கும். நேற்று அளந்ததற்கும் நாளை எதிர்பார்ப்பதற்கும் ஒரே சொல் போதும்.

1991இல் வந்த ஆர்.எஃப்.சி. 1242 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் த்ரூபுட்டுக்குத் தரும் வரையறையோடும் ஒத்துப்பார்த்தேன். கருவிக்குள் வந்த சட்டகங்களில் (frame, கம்பியில் போகும் தரவுத் துண்டு) ஒன்றைக்கூடத் தவறவிடாமல் கடத்தும் அதிகபட்ச வீதம் என்கிறது அது. ரூட்டருக்கு அப்படியே பொருந்துகிறது.

‘சேர்’ என்றால் கூட்டு என்றும் பொருள் வருமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணோடும் நொடியோடும் வரும்போது குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். இன்னும் தெளிவு வேண்டுமென்றால் ‘சென்றுசேர் வீதம்’ என்று முதல்முறை எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

கூடவே இன்னும் இரண்டு சொற்கள். தடம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் பேண்ட்வித்துக்கு ‘அலைக்கற்றை’ வேண்டாம். 2ஜி ஒதுக்கீட்டுச் செய்திகளிலிருந்தே அது ஸ்பெக்ட்ரத்துக்கு உரியதாகிவிட்டது. ‘தடக் கொள்ளளவு’ சரியாக இருக்கும். பொதி போய்த் திரும்ப ஆகும் நேரமான லேட்டன்சிக்குச் ‘சுணக்கம்’. இந்த மூன்றும் இருந்தால் இப்படி எழுத முடிகிறது: தடக் கொள்ளளவு 300 மெகாபிட்டாக இருந்தாலும், ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை வராமல் 64 கிலோபைட்டுக்கு மேல் அனுப்பாத பழைய டிசிபியில் சுணக்கம் 200 மில்லிநொடி என்றால் சேர்வீதம் 2.6 மெகாபிட்டைத் தாண்டாது. ‘வேகம்’ என்ற சொல்லை மட்டும் வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜவுளிக்கடைத் தாளையும் திருத்தி எழுதி நேற்று கொடுத்துவிட்டு வந்தேன்: “மாடிக்குச் செல்லும் கம்பியின் செருகியில் ஓர் இழை தொடவில்லை. அதனால் தடக் கொள்ளளவு 1000லிருந்து 100 மெகாபிட்டாக இறங்கி, சேர்வீதம் 94இல் நின்றது. செருகி மாற்றிய பின் சேர்வீதம் 291.” கடைக்காரர் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அப்போ கீழே பில் போடற இடத்துல சேர்வீதம் எவ்வளவு?”