ஆற்றங்கரையோரமாக எட்டு நாள் சைக்கிள் பயணம்: கொடைக்கானலில் இருந்துகொண்டு எப்படிப் பழகுவது?

ஏரிச்சாலை61 (கேள்வி)

வணக்கம். நானும் என் மனைவியும் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வசிக்கிறோம். எனக்கு 61 வயது, அவருக்கு 57. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பணிபுரியும் எங்கள் மகள், வரும் மே மாதம் எங்களை வரவழைத்து, டான்யூப் ஆற்றின் கரையோரமாக ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து வியன்னா வரை சைக்கிளில் போகலாம் என்கிறாள். மொத்தம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். எட்டு நாளில் முடிப்பதென்றால் நாளொன்றுக்கு 40. வழியெல்லாம் வயலும் தோப்பும்தானாம், பெரும்பகுதியில் காரோ லாரியோ வராதாம், ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லையாம்.

நாங்கள் இருவரும் வாரத்தில் நான்கு நாள் காலையில் ஏரியைச் சுற்றி வருகிறோம். ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். இரண்டு சுற்றுக்கு மேல் போனதில்லை. ஆனால் ஊருக்குள் இருக்கும் ஏற்றங்களில் நான் இறங்கித் தள்ளாமல் மிதித்தே ஏறிவிடுகிறேன் என்பதால், சமதளத்தில் 40 கிலோமீட்டர் ஒரு பெரிய காரியமாக இராது என்பது என் கணக்கு. மனைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழி உண்மையில் எப்படி இருக்கும், அதற்கு என்ன பழக்கம் வேண்டும், மலையை விட்டு இறங்கிப் பழகுவதற்குப் பழநிப் பக்கம் வண்டித் தொந்தரவில்லாத கரைப்பாதை ஏதேனும் உண்டா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழநி_அடிவாரம்

ஐயா, அந்த வழியை நானும் என் தம்பியும் சில ஆண்டுகளுக்கு முன் ஏழு நாளில் முடித்தோம். உங்கள் மகள் சொன்னதில் மிகை இல்லை. பாஸாவிலிருந்து வியன்னா வரை அத்தனை தூரத்துக்கும் ஆறு இறங்குவது 150 மீட்டருக்குள்தான். உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் 65 கிலோமீட்டர் மலைச்சாலையோ 1,700 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. பாதை இவ்வளவு சமமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீராவிப் படகுகள் வருவதற்கு முன், சரக்குப் படகுகளை எதிர்நீரோட்டத்தில் குதிரைகள் கரையிலிருந்தே கயிறு கட்டி இழுத்துப் போயிருக்கின்றன; அந்தக் குதிரைகள் நடந்த தடம்தான் பல இடங்களில் இன்றைய சைக்கிள் பாதை. அதனால்தான் அது தண்ணீரை விட்டு விலகாமல், நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாக வளைந்து வளைந்து போகிறது.

நான் மறக்காதது ஓடங்களைத்தான். ஸ்பிட்ஸ் என்ற ஊரில் சைக்கிளோடு அக்கரைக்குப் போகும் ஓடத்துக்கு எஞ்சின் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பிவடம். அதில் ஓடத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஓடக்காரர் சுக்கானைத் திருப்பி ஓடத்தை நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்தியதும், தண்ணீரே அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய் அக்கரையில் சேர்க்கிறது. சத்தமே இல்லாத அந்தப் பயணத்தில் எங்கள் காதில் விழுந்தது பலகையில் தண்ணீர் மோதும் ஒலி மட்டும்தான்.

அந்த ஊர் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடைப்பட்ட வாஹாவ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 36 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது. சரிவெல்லாம் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்கள். பூம்பாறையில் பூண்டு போடும் படிவயல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது. கீழே சமவெளியில் ஆப்ரிகாட் மரங்கள். நீங்கள் போகும் மே மாதத்தில் அவை காயாகத்தான் இருக்கும், பழம் ஜூலையில்தான். கடைகளில் ஜாம் எப்போதும் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: அங்கே வலப்பக்கமாகப் போக வேண்டும். கார் வராத பாதைதானே என்று மனம் தளர்ந்திருக்கும்போதுதான் நம் கை தானாக இடப்பக்கம் ஒதுங்கும்; எதிரே குழந்தையோடு வந்த ஒரு பெண்மணியை என் தம்பி அப்படித்தான் திடுக்கிட வைத்தான்.

மலைக்காற்று

இத்தனை யோசனை எதற்கு? பேட்டரி சைக்கிள் அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. இருவரும் அதை எடுத்துக்கொண்டு, பெட்டிகளை விடுதிக்கு விடுதி வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களிடம் கொடுத்துவிட்டால், பழக்கமே தேவையில்லை.

செயின்_ஆயில்

ஒட்டன்சத்திரத்தில் இருபது ஆண்டுகளாகச் சைக்கிள் பழுது பார்ப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஏரிச்சாலை ஐயா அவர்களே, இந்த வழக்கில் நியாயம் உங்கள் மனைவி பக்கம்தான். மேலே எழுதிய நண்பருக்கும் ஒரு வார்த்தை: பேட்டரி முழங்காலைக் காப்பாற்றும், உட்காரும் இடத்தைக் காப்பாற்றாது.

மலையில் ஓட்டுகிறவர் பத்து நிமிடம் மூச்சு வாங்க ஏறினால், அடுத்த வளைவுக்குப் பிறகு மிதிக்காமலே இறங்குகிறார். ஏறும்போது பெடலில் எழுந்து நிற்கிறார், இறங்கும்போது சீட்டை விட்டுச் சற்றே தூக்கிக்கொள்கிறார். காலுக்கும் இடுப்புக்கும் கைக்கும் மாற்றி மாற்றி ஓய்வு கிடைக்கிறது. சமதளத்தில் அந்த ஓய்வு எதுவும் கிடையாது. 40 கிலோமீட்டரை நிதானமாக மூன்று மணி நேரத்தில் கடப்பதாக வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஆகிறது. அத்தனையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே விசையில். உங்களுக்கு மூச்சு தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாங்காதது சீட்டில் அழுந்தும் எலும்பும், உள்ளங்கையும், பிடரியும்தான்.

ஆகவே சீட்டைச் சரிசெய்யுங்கள். ஏரிக்கரை வாடகைச் சைக்கிள்களில் இரு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைப்பதைப் பார்த்துப் பலரும் சொந்தச் சைக்கிளையும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். முழங்காலின் முன்பக்கம் வலிப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். மெத்தென்ற அகலமான சீட்டை வாங்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் அது அமுங்கிப் போய் உரசத் தொடங்கும். கனமான கியரில் அழுத்தாமல், இலேசான கியரில் வேகமாகச் சுழற்றப் பழகுங்கள்.

அடுத்தது காற்று. மலைச்சரிவும் மரங்களும் மறைத்திருப்பதால் உங்களுக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. வயல்வெளியில் எதிர்க்காற்று வந்தால் அது முடிவே இல்லாத ஏற்றம். டான்யூப் கரையில் பெரும்பாலும் மேல்காற்று என்பதால்தான் எல்லோரும் மேற்கே பாஸாவில் தொடங்கிக் கிழக்கே போகிறார்கள். நம் பக்கத்தில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை உடுமலைக் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இப்போது தை மாதம், கீழ்க்காற்று. எந்தக் காற்றானாலும் போகும்போது எதிரே வாங்கிக்கொண்டு, திரும்பும்போது முதுகில் வாங்குங்கள். மாற்றிச் செய்தவர்கள் என் கடைக்குப் போன் செய்து வண்டி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

குமரலிங்கத்து_வயல்

பழகுவதற்கு இடம் கேட்டீர்கள். அமராவதி அணைக்குக் கீழே கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம் வரையுள்ள எங்கள் பழைய ஆயக்கட்டுக்கு வாருங்கள். இந்த ஆற்றில் எட்டு ராஜவாய்க்கால்கள் உண்டு; 1950-களில் கட்டிய அணையைவிட அவை மூத்தவை. தண்ணீர் மெல்ல ஓடுவதற்கு எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவுதான் வாய்க்காலுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதால், அதன் கரையும் அப்படியே சமமாகப் போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்லும் கரும்பும் தென்னையும், தெற்கே உங்கள் மலை.

ஆனால் அந்த நாட்டுப் பாதை போல எண்ணி வராதீர்கள். கரை ஒரே மூச்சில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்து வராது. இடையில் ஊர்ச்சாலையில் ஏறி இறங்க வேண்டும். மதகு வருமிடத்தில் இறங்கித் தள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம். சக்கரம் மண்ணைச் சுருட்டிக்கொள்ளும். அறுப்புக் காலத்தில் களத்துக்குப் பதில் சாலையிலேயே நெல் காய்ந்தால், அதன்மேல் ஏற்றாமல் சுற்றிப் போவது மரியாதை. அணையை ஒட்டிய காட்டோரத்தில் யானை நடமாட்டம் உண்டு, அந்தியில் அந்தப் பக்கம் இருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நெருஞ்சி முள். பஞ்சர் ஒட்டியதும் டியூபை உடனே மாட்டிவிடாமல், டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே நின்றுகொண்டு அடுத்த ஓட்டைக்குக் காத்திருக்கும்.

ஏரிச்சாலை61

அனைவருக்கும் நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டு சைக்கிள்களையும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். காலை ஏழு மணிக்குக் கொழுமத்தில் தொடங்கி, கீழ்க்காற்றை எதிர்த்துக் கிழக்கே ஊர்ச்சாலைகளில் போய்விட்டு, திரும்பியபின் குமரலிங்கம் பக்கம் வாய்க்கால் கரையில் ஏறினோம். மொத்தம் 31 கிலோமீட்டர் என்பது திட்டம். 22-ஆவது கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. ஆனால் சீட்டில் உட்கார முடியவில்லை. மதகுச் சுவரில் சாய்ந்து நின்றபடி, மனைவி மயில்களை எண்ணிக்கொண்டே வாய்க்கால் வளைவில் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் 31-ஐயும் முடித்துவிட்டு வந்து, செயின்_ஆயில் எழுதிய பதிலைக் கைபேசியில் எடுத்து என்னிடம் மீண்டும் ஒருமுறை வாசித்துக் காட்டினார்.

நெருஞ்சி என் பின்சக்கரத்தில் இரண்டு, அவர் சக்கரத்தில் ஒன்று. விரலால் தடவியதில் ஒன்று அகப்பட்டது. மற்றொன்று அகப்படாததை நாயுடுபுரம் வந்து சேர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தியிருக்கிறேன். இனி மாதம் இருமுறை இறங்குவதாக இருக்கிறோம். பயணத்தைப் பத்து நாளாக்கச் சொல்லி மகளுக்கு எழுதிவிட்டோம். நாளொன்றுக்கு 32 கிலோமீட்டர்தான் வரும், ஸ்பிட்ஸில் அந்த ஓடத்தில் இரண்டு முறை போய்வரவும் நேரமிருக்கும்.