ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்: விலகலா, நழுவலா?

எல்லாருக்கும் வணக்கம்.

ஐயா போன மடல்ல நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக, ஒரு முள்ளெலும்பு கீழ இருக்குற எலும்பு மேலேருந்து நகர்ந்துடுற ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸுக்குத் தமிழ்ல "முதுகெலும்பு விலகல்"னு போட்டிருந்தீங்க, படிச்சப்ப சரின்னுதான் பட்டுச்சு, ஆனா எங்க அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தப்புறம் மனசு மாறிட்டேன். ரிப்போர்ட்ல கிரேடு 1 ஆன்டீரோலிஸ்தெசிஸ், அதாவது எல்5ங்கிற அஞ்சாவது இடுப்பு முள்ளெலும்பு மேல உக்காந்திருக்குற நாலாவது, எல்4, கொஞ்சம் முன்னால வந்திருக்குன்னு இருந்துச்சு. அம்மா கேட்டது ஒரே கேள்விதான், "ஜவ்வு விலகிடுச்சாடா?"

பாருங்க, விலகல்ங்கிற சொல்லை ஜவ்வு, அதான் எலும்புங்களுக்கு நடுவுல இருக்குற டிஸ்க், எப்பவோ எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இங்க நகர்ந்தது எலும்பு. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சப்ப மருத்துவம் படிக்காத எனக்கே தெரிஞ்சுது, பக்கவாட்டுப் படத்துல எலும்புங்களோட பின்னோரம் ஒரே கோடா இறங்கி வருது, நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல மட்டும் வாசப்படி மாதிரி ஒரு படி. இதுல இன்னொரு கூத்து, மேல் எலும்பு முன்னால போனதும் கீழ இருக்குற ஜவ்வோட பின்பக்கம் மூடியில்லாம நிக்கும், அது படத்துல பிதுங்குன மாதிரியே தெரியும். அதுக்கு "போலிப் பிதுக்கம்"னு வச்சுக்கலாமா?

1854ல கிலியன்ங்கிற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் இந்தப் பேரை வச்சப்பவே கிரேக்கத்துல முள்ளெலும்பு, நழுவுறதுங்கிற ரெண்டையும்தான் சேர்த்தாரு. அதனால என் ஓட்டு "முள்ளெலும்பு நழுவல்". வழுக்கல்னா பாத்ரூம்ல விழுந்த மாதிரி இருக்கு, பிறழ்வுன்னா மனப்பிறழ்வு ஞாபகம் வருது. நழுவல்னு வச்சா முன்நழுவல், பின்நழுவல்னு ரெண்டு பக்கத்துக்கும் சொல் தானா கிடைச்சுடுது, கிரேடை "படி"ன்னு சொல்லிக்கலாம், கீழ் எலும்போட மேற்பரப்பை நாலா பிரிச்சு 25 சதவீதம் வரைக்கும் நழுவுனா முதல் படி, 50 வரைக்கும் ரெண்டாவது, இப்படியே.

தம்பி சொன்ன "தண்டுவட நழுவல்" வேண்டவே வேண்டாம், தண்டுவடம் உள்ள ஓடுற நரம்புத் தண்டு, பெரியவங்களுக்கு அது எல்1, எல்2 பக்கத்துலயே முடிஞ்சுடுது, எல்4ல நழுவ அங்க தண்டுவடமே கிடையாது!

பட்டியல்ல இந்தச் சொல்லுக்குப் போட்ட விளக்க வரியில "எம்ஆர்ஐ மூலம் கண்டறியப்படும்"னு இருக்குறதையும் எடுத்துடுங்க. எம்ஆர்ஐ பெரும்பாலும் படுக்க வச்சு எடுக்குறது, படுத்ததும் நழுவுன எலும்பு சில பேருக்குப் பின்னால வந்து உக்காந்துக்கும், நிக்க வச்சு எடுத்த எக்ஸ்ரேல தெரியுறது இதுல தெரியாமப் போகலாம். பின்பக்க மூட்டுல நீர் கோத்து வெள்ளையா தெரிஞ்சா சந்தேகப்படுவாங்க, அவ்வளவுதான். நரம்பு எங்க நசுங்குதுன்னு பாக்கத்தான் எம்ஆர்ஐ கெட்டி.

அம்மாகிட்ட புது வார்த்தைய சொல்லிப் பாத்தேன். "அப்ப ஜவ்வு இல்ல. நழுவுனத திரும்ப உள்ள தள்ள முடியாதா?"ன்னாங்க. வார்த்தை போய்ச் சேர்ந்துடுச்சுன்னு வச்சுக்கிட்டேன்.

ஸ்பாண்டிலோலைசிஸ்தான் இன்னும் மிச்சம். முள்ளெலும்போட பின்வளையத்துல விழுற கீறல், வேகப்பந்து வீசுற பசங்களுக்கு வருமே, அது. "வளையக் கீறல்"னு மொட்டையா விட்டா வளையல் கடை மாதிரி இருக்கு, யாராவது நல்லதா ஒண்ணு சொல்லுங்க.