வாடகை குறைவு என்றால் கூலியும் குறைய வேண்டுமா?

தென்றல்: "சிறு ஊர்களில் செலவு பாதிதான், நாடு முழுக்க ஒரே குறைந்தபட்சக் கூலி என்பது முட்டாள்தனம்" என்று கணக்கன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எந்தச் செலவு பாதி? வாடகை, சரி. அப்புறம்? மருந்துக்கும் கைபேசிக்கும் சிறு ஊர் விலை என்று தனியாக ஒன்று இருக்கிறதா? பேருந்தே வராத ஊரில் வேலைக்குப் போகச் சொந்த வண்டி வேண்டும், அந்தச் செலவை யார் கணக்கில் சேர்த்தார்கள்?

கணக்கன்: முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அதேதான். சியாட்டில் 2014இல் 15 டாலருக்குச் சட்டம் போட்டது, அந்த நகரம் தாங்கும். அதையே மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வைத்தால் கடைக்காரர் ஆளைக் குறைப்பார். வாடகைதான் ஏழையின் பெரிய செலவு, அதைத் தள்ளிவிட்டுப் பேசாதீர்கள்.

தென்றல்: வாடகை, வாடகை, மறுபடியும் வாடகை! மிசிசிப்பிக்குச் சொந்தமாகக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது, அங்கே 7.25தான். அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும் என்று விட்டால் இதுதான் நடக்கும்.

கணக்கன்: அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2016இல் குறைந்தபட்சக் கூலியை மூன்று அடுக்காகப் பிரித்தது. போர்ட்லண்ட் பகுதிக்கு மேல் அடுக்கு, கிராமப்புற மாவட்டங்களுக்குக் கீழ் அடுக்கு. அங்கே யார் பட்டினி கிடந்தார்கள்?

தென்றல்: அந்தக் கீழ் அடுக்கே 9.50 டாலரில்தான் தொடங்கியது, உங்கள் 7.25இல் இல்லை. அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? ஜப்பானையும் பாருங்கள், மாகாணத்துக்கு மாகாணம் வேறு கூலி. 2024இல் டோக்கியோவில் 1163 யென், அகிதாவில் 951. இந்த இடைவெளியே இளைஞர்களைப் பெருநகரத்துக்குத் தள்ளுகிறது என்று அங்கேயே குறை சொல்கிறார்கள். கூலி குறைவு என்று ஆள் போவான், ஆள் இல்லை என்று கடை மூடும், கடை இல்லாத ஊரில் வாடகை இன்னும் விழும், உடனே நீங்கள் வந்து "பாருங்கள், வாடகை எவ்வளவு குறைவு" என்பீர்கள்.

பழைய வாசகன்: வேலை போய்விடும் என்ற பயத்துக்குப் பதில் இருக்கிறதே. 1992இல் நியூஜெர்சி 4.25இலிருந்து 5.05 டாலருக்கு ஏற்றியது, பக்கத்துப் பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரண்டு மாநிலங்களின் துரித உணவகங்களை ஒப்பிட்ட கார்டு, குரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் வேலை குறைந்ததாகக் காணவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

கணக்கன்: அதே மாநிலங்களின் துரித உணவகச் சம்பளப் பதிவேடுகளை வைத்து நியூமார்க், வாஷர் என்ற வேறு இரண்டு பொருளாதார அறிஞர்கள் எதிர்முடிவு சொன்னது உங்களுக்கு மறந்துவிடும். முன்பு ஓய்வூதியம் பற்றி நடந்த விவாதத் திரியிலும் இப்படித்தான் பாதியை மட்டும் காட்டிவிட்டு, நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் காணாமல் போனீர்கள்.

பழைய வாசகன்: ஓய்வூதியத் திரியில் பதில் சொல்லாதது நீங்கள். போய்ப் பாருங்கள், கடைசிப் பதிவு என்னுடையது.

கணக்கன்: கடைசியில் எழுதியவர் ஜெயித்தவர் ஆகிவிடுவாரா?

தென்றல்: உங்கள் பஞ்சாயத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி 2015இல் நாடு முழுக்க ஒரே 8.50 யூரோ வைத்தது. கூலி குறைவாக இருந்த கிழக்குப் பகுதிக்கும் அதேதான். லட்சக்கணக்கில் வேலை போகும் என்று எச்சரித்தார்கள், போகவில்லை. கிழக்கில் வாடகை குறைவுதானே, அங்கே ஏன் உங்கள் கணக்கு பலிக்கவில்லை?

கணக்கன்: சில மணிநேரச் சிறு வேலைகள் அங்கே குறைந்தன. அதையும் எழுதுங்கள்.

தென்றல்: குறைந்தவற்றில் ஒரு பகுதி முறையான வேலையாக மாறியது, அதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வாடகையைத் தவிர வேறு எது பாதி?

கணக்கன்: வாடகையே போதும் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன்.

பழைய வாசகன்: ஓய்வூதியத் திரியைப் பார்த்தீர்களா இல்லையா?