‘எனேபிள்’ என்பதற்கு எந்த வினை? (நிர்வாகி கணக்குப் பாடம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. விஸ்டா தொட்டு உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு முடக்கிய நிலையிலேயே வருகிறது. அதை ‘எனேபிள்’ செய்ய, கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து ‘நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் /ஆக்டிவ்:யெஸ்’ என்று அடிக்க வேண்டும். வரைவில் ‘நிர்வாகி கணக்கைச் செயல்படுத்துக’ என்றிருக்கிறது. சரிதானா?

மறுமடல்:
> செயல்படுத்துக

வேண்டாம். அதற்கு முந்தைய வரியிலேயே ‘கட்டளையைச் செயல்படுத்துக’ என்று இருக்கிறதே. பயில் – பயிற்று, சுழல் – சுழற்று. அதே வாய்பாட்டில் இயல் – இயற்று. ‘கணக்கை இயற்றுக’ என்க. ‘நிர்வாகி’யும் வடசொல். ‘ஆள்வினைஞர்’ என்றால் என்ன குறை?

மறுமடல்:
ஐயா, ‘ஆள்வினை’ விடாமுயற்சி. குறளின் 62ஆம் அதிகாரமே அதுதான். ‘இயற்று’ என்றால் புதிதாக உண்டாக்குவது. 385ஆம் குறளில் ‘இயற்றல்’ பொருள் வரும் வழிகளை உண்டாக்குவதைத்தான் சொல்கிறது. இந்தக் கணக்கோ ஏற்கெனவே இருக்கிறது. அதன் எஸ்ஐடி (விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் தரும் அடையாள எண்) 500 என்று முடியும். ‘இயற்றுக’ என்று படிக்கும் மாணவர் ‘/ஆட்’ போட்டுப் புதுக் கணக்கு தொடங்கிவிடுவார்.

மறுமடல்:
வினையைவிடப் பெயர்தான் எனக்குக் கவலை. நிர்வாகிகள் குழுவில் உள்ள எந்தக் கணக்கும் ‘நிர்வாகி கணக்கு’தான். ஆனால் அதற்கு யுஏசி (உயர் உரிமை தருமுன் பயனரைக் கேட்கும் விண்டோஸ் காவல்) ஒப்புதல் கேட்கும். உள்ளமைந்த கணக்கு இயல்பாகவே கேட்காமல் முழு உரிமையோடு ஓடும். ஆகவே ‘உள்ளமை நிர்வாகி’ என்று பிரித்தே எழுத வேண்டும். கட்டளைக்குள் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது. பிரெஞ்சு விண்டோஸில் அந்தப் பெயரே வேறு. ஆங்கிலப் பெயரை அடித்தால் பயனர் பெயர் இல்லை என்றுதான் வரும். உரிமை உயர்த்தாத சாளரத்தில் அடித்தால் பிழை 5 (அனுமதி மறுப்பு) வரும்.

இன்னொன்று: வரைவில் கடவுச்சொல் கடைசிப் படியாக இருக்கிறது. அதை முதலில் வையுங்கள்: ‘நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் *’. பல கணினிகளில் இந்தக் கணக்கின் கடவுச்சொல் வெறுமையாகவே இருக்கும். வேலை முடிந்ததும் ‘/ஆக்டிவ்:நோ’ என்பதையும் சேருங்கள்.

மறுமடல்:
‘முடக்கு’ எல்லாருக்கும் பழகிவிட்டது. அதன் எதிர் ‘முடக்கம் நீக்கு’. முடிந்தது. உபுண்டு பாடத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே ரூட்டின் (முழு உரிமைக் கணக்கின்) கடவுச்சொல்தான் பூட்டப்பட்டிருக்கிறது; ‘sudo passwd root’ என்று புதுக் கடவுச்சொல் வைத்தால் திறக்கும். அதைப் ‘பூட்டு நீக்கு’ என்க.

மறுமடல்:
நன்றி. ‘உள்ளமை நிர்வாகி கணக்கின் முடக்கம் நீக்குக’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கடவுச்சொல் முதல் படியாகிவிட்டது. மூவர் இசைந்திருக்கிறீர்கள்.

மறுமடல்:
நான் இசையவில்லை. ‘இயற்று’ ஆகாதென்றால் ‘இயலச்செய்’ இருக்கிறது. முதன்முறை இயங்கவிடும் ஒரு வசதியை எவரும் முடக்கியதில்லையே. அங்கே எந்த முடக்கத்தை நீக்குவீர்கள்? ‘எனேபிள்டு’ என்ற நிலைக்குப் பெயர் ‘முடக்கமற்றது’ என்பீர்களா? அடுத்த பதிப்புக்கு முன் இதற்கு விடை வேண்டும்.