31,000 கிலோமீட்டர் ஓடின காருக்கு 14,800 ரூபாய் சர்வீஸ் எஸ்டிமேட்: எதைச் செய்வது, எதை விடுவது?

பாளை_வாசி

வணக்கம் நண்பர்களே. 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நான்தான் முதல் ஓனர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மார்க்கெட், எப்போதாவது ஊர்க் கோயில், அவ்வளவுதான் ஓட்டம், அதனால் ஏழு வருஷத்தில் 31,000 கிலோமீட்டர்தான். கடைசியாக சர்வீஸ் விட்டு 14 மாதம் ஆகிவிட்டது. நேற்று ஒரு சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் நிறுத்தினேன், வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் லேபரோடு 4,600. என்ஜின் ஃப்ளஷ் 850, இன்ஜெக்டர் (என்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சுவது) கிளீனிங் 1,900, த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது) கிளீனிங் 950, ஏசி கிருமிநீக்கம் 1,400, துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகத்தில் அடிக்கிற அண்டர்பாடி கோட்டிங் 3,600, வீல் அலைன்மென்ட் பேலன்சிங் 1,500. மொத்தம் 14,800. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டியில் எந்தக் குறையும் தெரியவில்லை, மைலேஜும் பழையபடிதான் இருக்கிறது. மே மாசம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம், அதனால் எதையும் விட்டுவிடவும் பயமாக இருக்கிறது. இவ்வளவு கம்மியாக ஓடும் வண்டிக்கு வருஷா வருஷம் ஆயில் மாற்றத்தான் வேண்டுமா? மற்றதெல்லாம் தேவையா?

ஷெட்_மெக்கானிக்_மதுரை

தம்பி, 22 வருஷமாக இதே வேலை. முதலில் ஆயில். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அது, என்றுதான் அநேகமாக எல்லா மேனுவலிலும் போட்டிருக்கும். நம்மாட்கள் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பார்கள். உங்கள் ஓட்டம் ரெண்டு மூணு கிலோமீட்டர் போய் அணைக்கிற ஓட்டம், என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வீடு வந்துவிடும், அதனால் ஆயிலில் சேருகிற தண்ணீர்ப் பசையும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியே இல்லை. ஆயிலுக்கு ஹைவேயில் ஒரே மூச்சில் ஓடுகிற வண்டியைவிட இதில்தான் பாடு அதிகம். 14 மாசம் ஆச்சு என்றால் கட்டாயம் மாற்றுங்கள். கிரேடு, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்கிற அளவு, மேனுவலில் எது இருக்கிறதோ அதேதான், 0டபிள்யூ-20 என்று இருந்தால் 0டபிள்யூ-20. வெயில் ஊர், கெட்டி ஆயில் ஊற்றுவோம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய ஆயிலை வடிக்கிற டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். சின்னச் சாமான்தான், அதை மாற்றாமல் விட்டு ஆயில் கசிகிறது என்று என் ஷெட்டுக்கு வந்த வண்டிகள் நிறைய.

ஃப்ளஷ் வேண்டாம், ஒழுங்காக ஆயில் மாற்றிய என்ஜினில் கழுவுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆயிலே மாற்றாமல் ஓட்டிய வண்டியில் ஊற்றினால் ஒட்டியிருக்கிற கசடு பெயர்ந்து போய் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும், அது இன்னும் ஆபத்து. இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி ரெண்டும் ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்கும்போது, என்ஜின் சுற்று ஏறி இறங்கினால், இழுவை குறைந்தால், மிஸ்ஸிங் வந்தால் (என்ஜின் விட்டுவிட்டு ஓடினால்) பார்க்க வேண்டியது. உங்களுக்கு எதுவும் இல்லை, விடுங்கள்.

எனக்கு வருத்தம் எதில் என்றால், அந்த லிஸ்டில் பிரேக் ஆயில் இல்லை, என்ஜினைக் குளிர வைக்கிற கூலண்டும் இல்லை. ஏழு வருஷத்தில் பிரேக் ஆயில் ஒரு தடவையாவது மாற்றினீர்களா? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 155 வரைக்கும் இறங்கிவிடலாம். டவுனில் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்கள், பேடு சூடாகி, அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நின்றுவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. மேனுவலில் போட்டிருக்கிற டாட் நம்பரைப் பார்த்து மாற்றிவிட்டுப் போங்கள். இறக்கத்தில் செகண்ட் கியரிலேயே வாருங்கள், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

தாம்பரம்_வாணி

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: டயர். பக்கவாட்டில் டாட் என்று ஆரம்பிக்கிற எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். என் காரில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டையின் உயரம்) இருந்தது, நல்ல டயர் என்று நம்பி ஆறரை வருஷம் ஓட்டினேன், திண்டிவனம் தாண்டி மதிய வெயிலில் பின்பக்கம் வெடித்தது. அப்பாவும் பின்சீட்டில் இருந்தார். தெய்வாதீனமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் கழற்றிப் பார்த்தால் உள்பக்கச் சுவர் முழுக்க மயிரிழை மாதிரி வெடிப்பு, வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. கம்மியாக ஓடுகிற வண்டியில் டயர் தேய்வதற்கு முன்னால் கிழடாகிவிடுகிறது.

காற்றைக் காலையில் வண்டி ஓடும் முன் பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவு திறக்கிற இடத்து ஸ்டிக்கரில் இருக்கிறது, ஆள் நிறைய ஏறினால் வேறு அளவு போட்டிருப்பார்கள். பங்க்கில் கேட்காமலே 40 அடித்துவிடுகிறார்கள்.

ஏசிக்கு 1,400 கொடுக்காதீர்கள். பல கார்களில் டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னாலேயே ஏசி காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர், மாற்ற அஞ்சு நிமிஷம். அண்டர்பாடி கோட்டிங்கில் மட்டும், கடற்கரை ஓரம் வண்டி நிற்கிறது என்றால் யோசிக்கலாம், பாளையங்கோட்டைக்கு அவசரமில்லை என்பது என் எண்ணம்.

பாளை_வாசி

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை தெரிந்த ஷெட்டில் பக்கத்தில் நின்றே செய்தேன். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மெக்கானிக் ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார், கடுங்காப்பி நிறம். பக்கத்தில் புது ஆயில் ஒரு சொட்டு, லேசான தேன் நிறம். ஏழு வருஷமாக அதை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

என்ஜின் ஆயில் 4,600, பிரேக் ஆயில் 900, கூலண்ட் 1,200, மொத்தம் 6,700. டயரில் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், நாலிலும் 1418. நாலையும் மாற்ற 19,000 ஆகும் என்கிறார்கள், மிச்சம் பிடித்ததைவிட அதிகம்தான், இருந்தாலும் மே மாசத்துக்குள் மாற்றிவிடுகிறேன். ஸ்டெப்னியும் 2018தான், இதுவரை ரோட்டில் இறங்கியதே இல்லை. அதையும் மாற்ற வேண்டுமா?

ஷெட்_மெக்கானிக்_மதுரை

ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசு ஏறும் தம்பி. பணம் முடை என்றால் ஸ்டெப்னியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள், பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கிளம்புவதற்கு முன்னால் அதிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அலைன்மென்ட்டை இப்போது செய்யாதீர்கள், புது டயர் போடும் அன்றைக்கே சேர்த்துச் செய்யுங்கள்.