தம்பியின் கடற்படைப் பயிற்சி: புதுப்பிப்பு

சென்ற மாதம் களியக்காவிளையிலிருந்து ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தம்பி மரைன் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு. வணிகக் கப்பல் படிப்போடு கடற்படைப் பயிற்சியும் கிடைக்குமா என்று. பதில் சொன்ன அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் நன்றி.

அமெரிக்காவில் வணிகக் கப்பல் அதிகாரிகளை உருவாக்கும் கிங்ஸ் பாயின்ட் அகாடமி மாணவர்கள் படிக்கும்போதே கடற்படை ரிசர்வில், அதாவது தேவைப்படும்போது அழைக்கப்படும் துணைப் படையில், சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த அகாடமியின் 142 பயிற்சி மாணவர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று தம்பி சரியாகச் சாப்பிடவில்லை.

நம் நாட்டில் அப்படி நேரடி இணைப்பு இல்லை. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருந்தால் 'பி', 'சி' சான்றிதழ் வரை போகலாம். இவன் கல்லூரியில் அந்தப் பிரிவே இல்லை. பள்ளியில் வாங்கிய 'ஏ' சான்றிதழ்தான் கையில். அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, வழி அடைபடவில்லை. பி.டெக். முடித்ததும் கடற்படையில் குறுகிய கால அதிகாரிப் பணிக்கு (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) விண்ணப்பிக்கலாம். பட்ட மதிப்பெண்ணைப் பார்த்து எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வு நேர்காணலுக்கு அழைப்பார்கள், தேர்வானால் கேரளாவில் கண்ணூர் பக்கம் ஏழிமலை கடற்படை அகாடமியில் பயிற்சி. அதனால் இப்போதைக்கு மதிப்பெண்தான் முக்கியம்.

நேற்று கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டே கப்பல்காரர்கள் போடும் பவ்லைன் முடிச்சு போட்டுக் காட்டினான். அம்மா ஈரத்துணியோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி போடு மக்களே" என்றாள்.