கெஷே வாங்யால் பற்றி: நியூஜெர்சி நண்பர்கள் உதவ முடியுமா?

வணக்கம். ரஷ்யாவின் வோல்கா பகுதியைச் சேர்ந்த, பௌத்தம் பின்பற்றும் மங்கோலிய இனத்தவரான கல்மிக் மக்களில் சில நூறு பேர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி அகதி முகாம்களில் வருடக்கணக்கில் காத்திருந்து, ஆசிய இனத்தவர் என்பதாலேயே அமெரிக்கா கதவைத் திறக்காமல் இழுத்தடிக்க, 1951ல்தான் அனுமதி பெற்று நியூஜெர்சியின் ஹோவெல் பகுதியிலும் பிலடெல்ஃபியாவிலும் குடியேறினார்கள். 1955ல் அவர்களிடம் வந்த திபெத்திய பௌத்த குரு கெஷே வாங்யால் (கெஷே என்பது பௌத்தக் கல்வியில் உயர்ந்த பட்டம்). அவரும் கல்மிக்தான், திபெத்தின் லாசாவில் படித்தவர், நம் காலிம்போங்கிலும் வாழ்ந்தவர். 1958ல் ஹோவெலில் பௌத்த மடம் அமைத்தார், அப்புறம் அமெரிக்க மாணவர்களும் தேடி வந்தார்கள். அவர் 1983ல் காலமானார்.

இவரைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். ஹோவெல் பக்கம் இருப்பவர்கள், அவரிடம் நேரில் பழகிய பெரியவர்கள் யாரிடமாவது பேசித் தர முடியுமா? பண்டிகை, சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பாடம், எந்தச் சின்ன நினைவும் போதும். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டே வருகிறது, அதனால்தான் அவசரப்படுகிறேன்.